மாடித் தோட்டம் ஏன் மூன்றே மாதத்தில் காய்கிறது? தொட்டிக்கு அடியில் இருக்கிறது பதில்!

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆறு க்ரோ பேக், இரண்டு கோகோபீட் கட்டி, தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று எல்லாம் நர்சரியிலிருந்து வந்து இறங்குகின்றன. ஞாயிறு முழுக்க மாடியில் வேலை. மாலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ. முதல் மாதம் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் மாடி ஏறுகிறது. இரண்டாவது மாதம் ஆபீஸில் டெட்லைன். “நாளைக்கு ஊத்திக்கலாம்” என்று ஒரு நாள் தள்ளிப்போகிறது. நடுவில் ஒரு கல்யாணம், மூன்று நாள் ஊர்ப் பயணம். திரும்பி வந்து பார்த்தால் மிளகாய்ப் பூவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. தக்காளி இலை சுருண்டு கருகியிருக்கிறது. தீபாவளிக்கு முன்பே பைகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன.

சென்னையிலோ கோவையிலோ வேலைக்குப் போகும் இளைஞர்கள் இருக்கும் பல வீடுகளில் நடக்கிற கதை இது. கடைசியில் எல்லோரும் சொல்லும் வசனமும் ஒன்றுதான்: “நமக்குக் கைராசி இல்ல.”

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் செடி சாகக் காரணம், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாததுதான். விதை, உரம், பூச்சி மருந்து பற்றிப் பேச ஆயிரம் வீடியோ இருக்கிறது. தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கு ஒரு நல்ல பதில், அடியிலேயே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் ‘செல்ஃப் வாட்டரிங்’ தொட்டி. ஆனால் ஆன்லைன் விளம்பரம் சொல்கிற மாதிரி அது மாயத் தொட்டி இல்லை. எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இது எப்படி வேலை செய்கிறது?

அகல் விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நடுவில் எண்ணெயை மேலே இழுப்பது திரி. பள்ளிப் பாடத்தில் ‘நுண்புழை நுழைவு’ என்று படித்த அதே விஷயம்தான் இந்தத் தொட்டியிலும் நடக்கிறது.

தொட்டிக்கு இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் மண் கலவையும் செடியும். கீழ் அடுக்கில் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஓட்டை போட்ட ஒரு தட்டு. அந்தத் தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அதற்குள்ளும் மண் கலவைதான். அதுதான் திரி. செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, மேலே ஈரம் குறையும். குறைந்த அளவுக்குக் கீழிருந்து தண்ணீர் ஏறும். தண்ணீர் ஊற்ற ஓரத்தில் ஒரு குழாய். அதிகமானால் வெளியேற, தட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை. அவ்வளவுதான் மேட்டர். மோட்டார் கிடையாது, டைமர் கிடையாது, கரன்ட் கிடையாது.

யோசனையும் புதிதல்ல. மண்பானையை மண்ணுக்குள் புதைத்து, அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, கசியும் ஈரத்தில் செடி வளர்ப்பதைப் பற்றி கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் எழுதப்பட்ட ஃபான் ஷெங்ஷியின் வேளாண் நூலிலேயே குறிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் மரக்கன்றுக்குப் பானைப் பாசனம் செய்கிறவர்கள் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் பெட்டி வடிவத் தொட்டியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தக்காளி பயிரிட்டுவந்த பிளேக் விசனன்ட். 1990-களில் அவர் உருவாக்கிய ‘எர்த்பாக்ஸ்’தான் இன்றைய பல மாடல்களுக்கு முன்னோடி. ஆக, இது ஏதோ பால்கனி அலங்காரத்துக்காகப் பிறந்த பொருள் இல்லை. காய் பறித்துப் பிழைத்த ஒரு விவசாயியின் கையிலிருந்து வந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினால் போதாதா?

போதாது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

வயலில் இருக்கும் செடிக்கு மேல்மண் காய்ந்தாலும் வேர் கீழே போய் ஈரத்தைத் தேடும். பையில் இருக்கும் செடிக்குப் போக இடமே இல்லை. காய் பிடித்த ஒரு தக்காளிச் செடி, நல்ல வெயில் நாளில் ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை சாதாரணமாகக் குடித்துவிடும். கான்கிரீட் தரைச் சூடு கீழிருந்து ஏற, வெயில் மேலிருந்து இறங்க, பையில் இருக்கும் ஈரம் ஒரே நாளில் காலி. மறுநாள் இரண்டு மடங்காக ஊற்றினால் பாதித் தண்ணீர் அடியில் வழிந்து போகிறது. உரமும் கூடவே போகிறது.

இப்படிக் காய்வதும் நனைவதுமாக இருந்தால் செடி சாகாமல் இருக்கலாம். ஆனால் காய் கெட்டுவிடும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பலர் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது பூச்சியே இல்லை. தண்ணீர் சீராகக் கிடைக்காததால் காய்க்குப் போய்ச்சேர வேண்டிய கால்சியம் போகாமல் வருகிற கோளாறு. பழம் வெடிப்பதற்கும், மிளகாய்ப் பூ உதிர்வதற்கும் ஒழுங்கில்லாத தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். அடியில் தண்ணீர் தேக்கிய தொட்டி இந்த இடத்தில்தான் தன் வேலையைக் காட்டுகிறது. செடிக்கு வேண்டியது ‘நிறைய’ தண்ணீர் இல்லை. ‘எப்போதும் கொஞ்சம்’ தண்ணீர்.

சரி, இதுவரை ஊற்றியது யார்?

மாடித் தோட்டம் பற்றிய பேச்சில் வராத விஷயம் ஒன்று உண்டு. தோட்டம் வைக்கும் ஆர்வம் ஒருவருக்கு, தண்ணீர் சுமக்கும் வேலை இன்னொருவருக்கு. ஞாயிற்றுக்கிழமை நாற்று நட்டு போட்டோ எடுத்தவர் திங்கட்கிழமை ஆபீஸ் போய்விடுவார். அதன் பிறகு குடத்தோடு படி ஏறுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மா, இல்லாவிட்டால் மனைவி, அதுவும் இல்லாவிட்டால் “அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகப்படும் வாட்ச்மேன். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறும் அம்மாவின் உழைப்பு, அந்தத் தக்காளியின் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

தினசரி வேலையை மூன்று நாளைக்கு ஒரு வேலையாக மாற்றினால், ஆசைப்பட்டவரே அதைச் செய்ய முடியும். புதன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினாலும் ஒரு பக்கெட் தண்ணீரைக் குழாய்களில் ஊற்றிவிட்டுப் படுக்கலாம். ஒருவரின் ஹாபி இன்னொருவர் தலையில் விழாமல் இருப்பது, இந்தத் தொட்டியால் கிடைக்கும் முதல் லாபம்.

தண்ணீர் இல்லாத ஊரில் தோட்டமா?

இந்தக் கேள்வி நியாயமானது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. காலி குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருவில், மாடியில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடுவது பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அடிப்பது போலத்தான்.

இந்தத் தொட்டியில் தண்ணீர் இரண்டு வழியில் மிச்சமாகிறது. ஒன்று, மேலிருந்து ஊற்றாததால் வழிந்து தரைக்கு ஓடுவதில்லை. இரண்டு, மேல்மண் அதிகம் நனையாததால் ஆவியாவது குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து அப்படியே குழாயில் ஊற்றலாம். அதில் உப்பு கிடையாது. ஈரக்காற்று அதிகமுள்ள கடலோர ஊர்களில் ஒரு படுக்கையறை ஏசி ஓர் இரவில் சில லிட்டர் தண்ணீர் கொடுத்துவிடும். இரண்டு, மூன்று தொட்டிக்கு அதுவே போதும்.

ஆனால் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். “வீணாப் போறதுதானே” என்று அதைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உள்ளே போகும் தண்ணீரில் இருப்பதைவிட அதில் உப்பு அதிகம். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் பகுதியில் இது செடிக்கு மெல்லக் கொல்லும் விஷம். அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும்தான் சரி.

ஆயிரம் ரூபாய்த் தொட்டி வேண்டாம், இரண்டு பெயின்ட் பக்கெட் போதும்

ரெடிமேட் தொட்டிகள் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் பல, மேஜை மேல் மணிபிளான்ட் வைக்கிற அளவுதான். ஒரு கத்தரிச் செடிக்கு அது டீ கிளாஸ் மாதிரி. காய்கறிக்கு வேண்டியது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட். பெயின்டரிடமோ பழைய பொருள் கடையிலோ கிடைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டிக் கழுவிவிட வேண்டும். செய்முறை இதுதான்:

• ஒரே அளவில் இரண்டு பக்கெட் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றை வைக்க வேண்டும். இரண்டின் அடிக்கும் நடுவே நான்கைந்து விரல் உயரம் இடைவெளி கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் நடுவில் பிவிசி குழாய்த் துண்டுகளை நிறுத்திக்கொள்ளலாம். இந்த இடைவெளிதான் தண்ணீர்த் தேக்கம். மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும்.

• உள் பக்கெட்டின் அடி எங்கே நிற்கிறது என்று வெளிப் பக்கெட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே ஒரு ஓட்டை போட வேண்டும். இதுதான் வழிந்தோடும் ஓட்டை. இதை மறந்தால் மழைக்காலத்தில் வேர் அழுகிவிடும்.

• உள் பக்கெட்டின் அடியில் நடுவே ஒரு பெரிய ஓட்டை. அதில் தயிர் டப்பாவோ ஐஸ்கிரீம் டப்பாவோ விளிம்பு மாட்டி நிற்கும்படி இறக்க வேண்டும். டப்பாவைச் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். பக்கெட் அடியிலும் காற்றுக்காகப் பதினைந்து, இருபது சின்ன ஓட்டைகள்.

• ஓரத்தில் ஒரு இன்ச் பிவிசி குழாய், அடி வரைக்கும். குழாயின் கீழ் நுனியைச் சாய்வாக வெட்டினால்தான் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். மேல் நுனிக்கு மூடி கட்டாயம்.

• டப்பாவுக்குள் ஈரமான கலவையை நன்றாக அமுக்கி நிரப்ப வேண்டும். அதற்கு மேலே இருக்கும் பக்கெட்டில் அமுக்காமல் நிரப்ப வேண்டும்.

கலவையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தோட்டத்து மண்ணையோ செம்மண்ணையோ அப்படியே போட்டால் அடியில் சேறாகி, காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறும். அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் கருக்கிய உமி. இந்தக் கலவை தண்ணீரையும் ஏற்றும், காற்றையும் விடும். கோகோபீட்டை அலசாமல் போட்டால் அதிலேயே உப்பு இருக்கும்.

நாற்று நட்ட அன்று மட்டும் மேலிருந்து நன்றாக நனைக்க வேண்டும். கலவை முழுக்க ஒருமுறை நனைந்தால்தான் கீழிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கும். விதையாகப் போட்டாலும் முளைத்து வேர் இறங்கும் வரை மேலே தெளிக்கத்தான் வேண்டும். “செல்ஃப் வாட்டரிங்னு சொன்னாங்க, விதை முளைக்கவே இல்ல” என்று புலம்புகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

எந்தச் செடி இதில் சந்தோஷமாக இருக்கும்?

எல்லாச் செடியும் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் தாகம் வேறு.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை நான்கும் இதற்கென்றே பிறந்தவை. ஒரு பக்கெட்டுக்கு ஒரு தக்காளி அல்லது ஒரு கத்தரி. மிளகாயும் வெண்டையும் இரண்டு வைக்கலாம். ஆசைக்கு மூன்று, நான்கு நட்டால் எதுவும் உருப்படியாகக் காய்க்காது.

தண்ணீரிலேயே கால் வைத்து வளரும் ரகம் பொன்னாங்கண்ணி, புதினா, வல்லாரை, சேம்பு. இவற்றுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பொன்னாங்கண்ணியையும் புதினாவையும் காசு கொடுத்து நாற்றாக வாங்கவே தேவையில்லை. சந்தையில் வாங்கிய கட்டில் தடிமனான தண்டு நான்கை எடுத்து நட்டாலே வேர் பிடித்துவிடும்.

சிறுகீரை, அரைக்கீரை, பாலக்குக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். ஒரு ஜாண் ஆழமுள்ள அகலமான டப்பில், டப்பாவுக்குப் பதில் கயிற்றுத் திரி போட்டாலே போதும். திரிக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் போடுகிறார்கள். சில மாதத்திலேயே மக்கிவிடும். நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு நீடிக்கும்.

கொத்தமல்லியும் முள்ளங்கியும் வரும், ஆனால் கார்த்திகை முதல் தை வரையிலான குளிர்ச்சியில். சித்திரை வெயிலில் போட்டுவிட்டுத் தொட்டியைக் குறை சொல்லக் கூடாது. புடலை, பாகல், அவரை போன்ற பந்தல் கொடிகளுக்கு இந்தப் பக்கெட் பத்தாது. பெரிய டிரம்மும் பெரிய தேக்கமும் வேண்டும்.

கொத்தவரை, கற்றாழை, கற்பூரவல்லிக்கு எப்போதும் ஈரம் ஆகவே ஆகாது. அவற்றைச் சாதாரணத் தொட்டியிலேயே விட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆறு தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு தக்காளி, ஒரு கத்தரி, ஒரு மிளகாய், ஒரு கீரை டப், ஒரு பொன்னாங்கண்ணி. ஒரே காய் ஆறு தொட்டி வைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் காய்த்து, அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. ஒரே பூச்சி வந்து மொத்தத்தையும் முடித்துவிடவும் கூடும். கலந்து வைத்தால் வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒன்று சமையலறைக்கு வரும். வெயில் எவ்வளவு விழுகிறது என்பதும் முக்கியம். காய்க்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். வெயில் குறைவான பால்கனிக்குக் கீரையும் புதினாவும்தான்.

விளம்பரம் சொல்லாத நான்கு விஷயங்கள்

முதலாவது, கொசு. தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாள் போதும். ஆகவே குழாய்க்கு மூடி, வழிந்தோடும் ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டு, இரண்டு பக்கெட்டின் விளிம்புக்கு நடுவே இடுக்கு இருந்தால் அதற்கும் வலை. இதில் சமரசமே கூடாது. வீடு வீடாக வந்து பார்க்கும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் இந்தத் தொட்டியைச் சந்தேகமாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். நான்கு கிலோ தக்காளிக்காகத் தெருவில் ஒரு குழந்தைக்கு டெங்கு வரக் கூடாது.

இரண்டாவது, உப்பு. தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாகும்போது, அதிலிருந்த உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அதுதான். மாதம் ஒருமுறை மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றி அலசி, கீழே தேங்கியதைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை இந்த வேலையை இலவசமாகவே செய்துதரும். வழிந்தோடும் ஓட்டை அடைக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, உரம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றைக் குழாய் வழியாக அடியில் ஊற்றினால் தேங்கிய தண்ணீர் நாறிப்போகும், வேரும் கெடும். கரைசலை நீர்த்து இலையில் தெளிக்க வேண்டும். மண்புழு உரத்தை மேல்மண்ணில் கலக்க வேண்டும். குழாயில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது.

நான்காவது, எடை. எல்லாம் நனைந்த நிலையில் ஒரு பக்கெட் ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். ஆட்கள் ஏறிப்போகும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கணக்கில் எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பக்கெட் வைத்தால் 80 கிலோதான். ஆனால் மாடியில் செங்கல் வைத்து ஒரு அடி உயரத்துக்கு மண் கொட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ வந்துவிடும். பழைய கட்டடமென்றால் பக்கெட்டையும் சுவர் ஓரமாகப் பரப்பி வைப்பதே பாதுகாப்பு. பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். க்ரோ பேக் அடியில் எப்போதும் ஈரமாக இருந்து தளத்தில் பாசி பிடிக்கும், பால்கனியாக இருந்தால் கீழ் வீட்டில் காயப்போட்ட துணி மேல் சொட்டும். சண்டை அங்கேதான் தொடங்கும். இந்தத் தொட்டி அளவோடு ஊற்றினால் சொட்டாது. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டும் போகலாம்.

பத்து நாள் ஊருக்குப் போனால்?

நேர்மையான பதில்: மே மாதத்தில், காய் பிடித்த தக்காளிக்கு நான்கு லிட்டர் தேக்கம் இரண்டு, மூன்று நாளுக்குத்தான் வரும். சின்ன நாற்றுக்கு ஒரு வாரம் தாங்கும். ‘15 நாள் கவலையில்லை’ என்ற விளம்பரம் அலங்காரச் செடிக்குப் பொருந்தலாம், காய்கறிக்குப் பொருந்தாது.

நீண்ட பயணம் அடிக்கடி இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லாத் தொட்டிகளின் அடியையும் சின்ன டியூபால் இணைத்து, அதே மட்டத்தில் ஒரு சிறிய டப், அதில் சின்டெக்ஸ் டேங்கில் இருப்பதைப் போல ஒரு மிதவை வால்வு, அதற்கு மேலே ஒரு தண்ணீர் டிரம். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் முதல் வருஷமே இதில் இறங்குவது தேவையில்லாத தலைவலி.

தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிய ஒரு எளிய வழி: தெர்மாகோல் துண்டில் ஒரு மெல்லிய குச்சியைச் செருகிக் குழாய்க்குள் விட்டால், குச்சி ஏறி இறங்கும். மூடியில் குச்சிக்கு மட்டும் ஒரு சின்ன ஓட்டை போதும்.

“கையால் தண்ணீர் ஊற்றுவதில்தானே சுகம்?”

எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் சொல்லும் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் தினமும் செடியைப் பார்க்கிறார். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி வந்ததும் அவர் கண்ணில் படுகிறது. தானாகவே தண்ணீர் போகிறது என்று ஆகிவிட்டால் செடிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிற ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. வெள்ளை ஈயையும் அசுவினியையும் எந்தத் தொட்டியும் விரட்டாது.

ஆனால் அதற்குத் தீர்வு பழையபடி குடம் சுமப்பதல்ல. ஊற்றும் வேலை போன பிறகு மிச்சமாகிற நேரத்தில் ஒரு பகுதியைப் பார்ப்பதற்கு ஒதுக்குவதுதான். காலையில் காபி டம்ளரோடு இரண்டு நிமிஷம் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை, பார்வை தினமும்.

‘மறுபடியும் பிளாஸ்டிக்கா?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வெயிலில் கிழிந்து குப்பைக்குப் போகும் க்ரோ பேக்கைவிட, ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்டு ஓரமாகக் கிடக்கும் பக்கெட் மேல். வெள்ளைப் பக்கெட் என்றால் சூடும் குறைவாக ஏறும். தேக்கப் பகுதியை மட்டும் வெளிச்சம் போகாமல் சாக்கால் சுற்றிவிட்டால் பாசி பிடிக்காது.

கணக்குப் போட்டால் லாபமா?

பணக் கணக்கு மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஆவேசமாக நாற்று வாங்கி நட்டவர்களுக்குப் பழம் வந்தபோது சந்தையில் விலை இறங்கியே போயிருந்தது. நான்கு பக்கெட்டை வைத்துக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போட்டியாக நிற்க முடியாது. ‘இனி காய்கறியே வாங்க வேண்டாம்’ என்று சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்குகிறவர்கள்தான் முதலில் வெறுத்துப்போய் விடுகிறார்கள்.

கிடைப்பது வேறு. மருந்து எதுவும் அடிக்காத கீரை வாரத்தில் இரண்டு நாள். ஒரு கைப்பிடிப் புதினாவுக்காகப் பத்து நிமிஷ டெலிவரி ஆப்பைத் திறக்காமல் இருக்கும் வசதி. ஒரு கத்தரிக்காய் வளர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்த பிறகு, தள்ளுவண்டிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசத் தோன்றாத மனசு.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்ட கிட் கொடுக்கத் தொடங்கியது முதல், நகரத்து வீடுகளில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. பை, கோகோபீட், விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் என்று தோட்டம் தொடங்கத் தேவையானவை அதில் இருந்தன. தொடங்கிய தோட்டம் நான்காவது மாதமும் உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. இனி வரும் கிட்டில் ஓட்டை போட்ட ஒரு உள் தட்டு, ஒரு குழாய், ஒரு துண்டுக் கொசுவலை சேர்ந்தால் செலவு பெரிதாக ஏறிவிடாது. மாடிச் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் அடுக்குமாடிச் சங்கங்களும், சொட்டாத தொட்டி என்றால் கொஞ்சம் இறங்கி வரலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாடி மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் காய்ந்த பைகளில் இருக்கும் கோகோபீட் இன்னும் பாழாகவில்லை. அலசி, உரம் கலந்து, இரண்டு பெயின்ட் பக்கெட்டில் போட்டு, வருகிற சனிக்கிழமை ஒரே ஒரு மிளகாய்ச் செடியோடு மறுபடியும் தொடங்கலாம். இந்த முறை திங்கட்கிழமை ஆபீஸ் போனாலும் செடிக்குத் தண்ணீர் இருக்கும்.